பார்னி படுக்கும் இடம்

சுகர் ரிட்ஜ் குதிரை முகாம், அயோவா
ஜூன் 12

திருமதி கோரா லிண்ட் அவர்களுக்கு,

சென்ற சனிக்கிழமை நடுப்பகலில் தங்கள் குதிரை பார்னி, தங்கள் கூடாரத்துக்குப் பின்னால் உள்ள இளம் ஹிக்கரி மரத்தில் கட்டப்பட்டிருந்ததை நானே பார்த்தேன். குதிரைகளை இரண்டு கம்பங்களுக்கு நடுவே தலைக்கு மேல் இழுத்துக் கட்டிய கயிற்றில்தான் கட்ட வேண்டும், எக்காரணம் கொண்டும் மரத்தில் கட்டக்கூடாது என்பது முகாமின் முதல் விதி. வாசல் பலகையில் இருக்கிறது. தாங்கள் ஒவ்வொரு வருஷமும் அதைப் படித்திருக்கிறீர்கள்.

கயிறு சுற்றிச் சுற்றி அறுத்ததில் மரத்தின் பட்டை முழு வட்டமாக உரிந்துவிட்டது. வேரையும் குளம்பால் தோண்டிப் போட்டிருக்கிறது. மரம் பிழைக்காது. ஆகவே இன்றிலிருந்து ஒரு வருஷத்துக்குத் தாங்களோ தங்கள் குதிரையோ இந்த முகாமில் தங்க அனுமதி இல்லை. செப்டம்பர் வாரத்துக்குத் தாங்கள் செய்திருந்த முன்பதிவு ரத்து செய்யப்பட்டது.

தாங்கள் விட்டுப்போன தண்ணீர் வாளி என் வண்டிக்கு அடியில் இருக்கிறது. யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
டெல்மர் கிரீர்
முகாம் பொறுப்பாளர்


பெல்ட்டன் ரோடு
ஜூன் 17

டெல்மர்,

"தாங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று கோடையாக என் அடுப்புக் காப்பியைக் குடித்த வாய்க்கு இப்போது "தாங்கள்" வருகிறது. நன்றாக இருங்கள்.

நடந்ததில் ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். நான் ஏன் மரத்தில் கட்டினேன்? ஒரு கோவேறு கழுதை அவிழ்ந்து ஓடியது. யாருடைய கழுதை, டெல்மர்?

"அவுந்துடுச்சு! புடிங்க, புடிங்க!" என்று கத்தினார்கள். முகாமில் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பில் எது கருகினாலும் விட்டுவிட்டு ஓட வேண்டும். அதை எந்தப் பலகையிலும் எழுதவில்லை, எல்லாருக்கும் தெரியும். பார்னிக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அப்போதுதான் கூட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் மேபல் கயிறு பின்னால் பறக்க, தார் ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். என் கைக்கு எட்டியது அந்த மரம்தான். ஒரு சுற்று சுற்றிவிட்டு ஓடினேன். ரோட்டிலிருந்து மடக்கி ஓடைப் பக்கம் திருப்பி, முழங்கால் தண்ணீரில் நின்று கெஞ்சி, அவளைப் பிடித்து உங்கள் கையில் கொடுத்தது நான். நீங்கள் "அப்பாடா" என்றீர்கள். அப்புறம் என்னைத் தாண்டி மரத்தைப் பார்த்தீர்கள்.

கழுதைக்குப் பிறந்ததற்காக ஓடினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். பார்னிக்கு முப்பது வயசு. கடைவாய்ப் பல் ஒன்றும் மிச்சமில்லை. புல்கட்டியை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் கொடுக்கிறேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வர்ற குளிரைத் தாண்டுவான்னு எனக்குத் தோணலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருஷத் தடை என்றால் உங்களுக்கு ஒரு வருஷம். அவனுக்கு அது ஆயுசுக்கும். தடையை அக்டோபரிலிருந்து வையுங்கள். செப்டம்பரில் அந்த ஒரு வாரம் மட்டும் வந்துவிட்டுப் போகிறோம். பதிலுக்கு எனக்கு இரண்டு வருஷம்கூடப் போடுங்கள், வாயைத் திறக்க மாட்டேன்.

வாளியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கோரா


சுகர் ரிட்ஜ்
ஜூன் 25

கோரா,

நீ சொன்னது சரி. மேபல் என் கழுதை. முடிச்சு நான் போட்டது, பல்லால் அவிழ்த்தது அவள். நீ ஓடியிருக்காவிட்டால் லாரியில் அடிபட்டிருப்பாள். அன்றைக்கே நன்றி சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

தடையைத் தள்ளிவைக்க முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். அன்றைக்கு வாசலில் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவர் நின்றாரே, அவர் ஸ்ட்ரூப். பூங்கா வாரியத்து உறுப்பினர். இந்தக் குதிரை முகாமை மூடிவிட்டு இங்கே வாடகைக் குடில்கள் கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். குதிரைக்காரர்கள் மரத்தையெல்லாம் அழிக்கிறார்கள் என்பது அவர் கட்சி. நீ ஓடையில் நின்ற நேரத்தில் அவர் பார்னியையும் மரத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்தம்மா உங்களுக்கு வேண்டியவங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இங்க வர்ற எல்லாரும் வேண்டியவங்கதான்" என்றேன்.

"அப்ப ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லுங்க" என்று சிரித்தார்.

ஆகஸ்டில் வாரியம் ஓட்டெடுக்கிறது. அதற்குள் உனக்கு ஒரு சலுகை கொடுத்தேன் என்று தெரிந்தால் போதும், கதவைச் சாத்திவிடுவார்கள். நூற்றுக்கணக்கான பேர் வந்துபோகிற இடம். அதனால்தான் "தாங்கள்". அந்தக் கடிதத்தின் நகல் அவருக்கும் போயிருக்கிறது.

டெல்மர்


பெல்ட்டன் ரோடு
ஜூலை 6

டெல்மர்,

படம் எடுத்த கையால் அந்த ஆள் பார்னியை அவிழ்த்துப் பிடித்திருக்கலாம். மரமும் பிழைத்திருக்கும். அது அவருக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

என் அண்ணன் மகள் பார்னியைக் கூட்டிக்கொண்டு வருவாள். நான் வாசலுக்கு வெளியே, ரோட்டோரத்தில், என் வண்டிக்குள் உட்கார்ந்துகொள்கிறேன். இறங்கவே மாட்டேன். சாப்பாட்டை யாராவது ஜன்னல் வழியாக நீட்டினால் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் பட்டினி. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறாள் என்று நினைப்பீர்கள். பாதையில் சவாரி போகவா என்று கேட்பீர்கள். அவன்மேல் நான் ஏறியே வெகுகாலமாகிறது. காரணம் வேறு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பார்கள், அது அரைத் தூக்கம். நன்றாகத் தூங்க அது படுத்தாக வேண்டும். படுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொன்று நின்று காவல் காக்க வேண்டும். என் இன்னொரு குதிரை பெஸ் செத்ததிலிருந்து பார்னி தனிக்கட்டை. அன்றிலிருந்து என் கொல்லையில் அவன் படுத்து நான் பார்த்ததே இல்லை. நின்றபடியே கண் சொருகி, முழங்கால் மடிந்து விழப்போய் விழித்துக்கொள்கிறான். இரண்டு முன்னங்கால் மூட்டிலும் காயம். துணைக்கு ஓர் ஆடு வாங்கி விட்டேன், கடித்துத் துரத்திவிட்டான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன், மனுஷியை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை.

உங்கள் முகாமில் மட்டும் படுக்கிறான். இரண்டு பக்கமும் குதிரைகள் நிற்க, கால் நீட்டி, குறட்டை விட்டுத் தூங்குகிறான். வருஷத்தில் அந்த ஒன்றிரண்டு வாரம்தான் அவனுக்குத் தூக்கம். நான் வண்டியில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றினால் போதும், வாசல் கதவுக்கு வந்து நின்றுகொள்கிறான். நேற்று வேறு எதற்கோ ஏற்றினேன். சாயந்தரம் வரை கதவை விட்டு நகரவில்லை.

கோரா


சுகர் ரிட்ஜ்
ஜூலை 14

கோரா,

சிரிக்கவில்லை. விடியற்காலையில் லத்தித் தொட்டியைப் பார்க்கப் போகும்போது அவனைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை செத்துவிட்டான் என்று நினைத்து ஓடினேன். தலையைத் தூக்கி, யாருடா இவன் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான்.

உன் அண்ணன் மகள் யோசனை நடக்காது. தடை உனக்கும் குதிரைக்கும் சேர்த்துத்தான். அப்படி எழுதியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் தடையை எதிர்த்து வாரியத்திடம் முறையிட உனக்கு உரிமை இருக்கிறது. ஆகஸ்ட் கூட்டத்திலேயே, ஓட்டெடுப்புக்கு முன்னால், முறையீடுகளைக் கேட்பார்கள். நீ முறையிட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவிழ்ந்தது என் கழுதை என்று நானே எழுந்து சொல்வேன். தடை நீங்கிவிடும் என்றுதான் தோன்றுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்ட்ரூப் என்ன பேசுவார் என்பதும் உனக்குத் தெரியும்.

எது செய்தாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

டெல்மர்


பெல்ட்டன் ரோடு
ஆகஸ்ட் 21

டெல்மர்,

கூட்டம் முடிந்ததும் என் வண்டிக்குப் பின்னால் கையை ஆட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடி வந்தீர்கள். கண்ணாடியில் பார்த்தேன். வேண்டுமென்றேதான் நிறுத்தவில்லை.

உங்களுக்காகப் பேசினேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முறையீட்டை எழுதி மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். என் பேரைக் கூப்பிடும் வரைக்கும் அதைப் படிப்பதாகத்தான் இருந்தேன். அந்த ஸ்ட்ரூப், பார்னி படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டி, "விதியெல்லாம் பலகையோட சரி. அங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் மாமன் மச்சான்" என்று சொன்னாரே, அப்போது மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

நான் பேசியதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. "படத்துல இருக்கறது என் குதிரை. நான் புடிக்க ஓடினது இந்த டெல்மரோட கழுதைய. அதுக்கு இந்த மனுஷன் என்ன செஞ்சாரு தெரியுமா? ஒரு வருஷம் வராதேன்னு என்னையே வெளிய தள்ளிட்டாரு. மாமன் மச்சான் செய்யற வேலையா இது? முறையீட்ட நான் திருப்பி வாங்கிக்கறேன்." இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் முகாம் தப்பித்தது. சந்தோஷம். என் வாயாலேயே என் தடையைக் கெட்டிப்படுத்திவிட்டு வந்திருக்கிறேன். இனிமேல் நீங்களே நினைத்தாலும் எடுக்க முடியாது. வீட்டுக்கு வந்தால் பார்னி கதவருகே நிற்கிறான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்வாசல் வழியாக உள்ளே போனேன்.

பதில் எழுத வேண்டாம்.

கோரா


சுகர் ரிட்ஜ்
செப்டம்பர் 3

கோரா,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன்.

தடையை எடுக்க முடியாது. ஸ்ட்ரூப் இப்போது சனிக்கிழமை தோறும் வந்து ஒவ்வொரு கூடாரமாக எட்டிப் பார்க்கிறார். உன் வாரம் இந்த வாரம்தான். உன் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, காலியாகவே கிடக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்போது என் சொந்த விஷயம். இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. அக்டோபரில் முகாமை அடைத்ததும் டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப்போகிறேன். குளிர்காலத்துக்கு மேபலை வழக்கமாக மெக்கின் பண்ணையில் விடுவேன். அவர்கள் இப்போது கால்நடை வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டார்கள். உன் கொல்லையில் இடம் இருக்குமா? தீனி நானே கொண்டுவந்து போட்டுவிடுகிறேன். அவள் நல்லவள் என்று பொய் சொல்ல மாட்டேன். கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் திறப்பாள்.

இதை உனக்குச் செய்கிற உதவி என்று நினைக்காதே. எனக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

டெல்மர்


பெல்ட்டன் ரோடு
நவம்பர் 10

டெல்மர்,

தீனிக் கடையில் மெக்கின் மனைவியைப் பார்த்தேன். "கால்நடை வச்சுக்கறதில்லையாமே?" என்றேன். "யாரு சொன்னது? பதினோரு குதிரை நிக்குது வீட்ல" என்றாள். எழுபது வயசுக்கு மேல் ஆன மனுஷனுக்கு ஒரு பொய்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் கழுதையைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். வந்த அன்றே கொட்டகைத் தாழ்ப்பாளைத் திறந்தாள். மறுநாள் நான் போட்ட சங்கிலியைத் திறந்தாள். என் பூசணிக்காய்கள் அத்தனையும் போயின. காலையில் நான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸைக் கிளப்பினால் பின்னாலேயே ஊளையிடுகிறாள், பிள்ளைகள் ஜன்னலில் தலையை நீட்டித் திருப்பி ஊளையிடுகிறார்கள். பார்னி முதல் நாளே அவள் பின்பக்கத்தில் கடித்தான். அவள் திருப்பி உதைத்தாள். ஆடு கதைதான் மறுபடியும் என்று நினைத்தேன். மெக்கிடம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று டிரெய்லரைக்கூட மாட்டிவிட்டேன்.

அதற்குள் ஒருநாள் காலையில் கூழ் கொண்டுபோனேன். பார்னியின் இடது பக்கம் முழுக்க மண். காதிலிருந்து தொடை வரைக்கும், ஒரே சீராக. சேற்றில் புரண்டிருந்தால் இரண்டு பக்கமும் இருக்கும். கன்னத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் மேபல் காதை விறைத்துக்கொண்டு நின்றாள், காவல்காரி மாதிரி.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே அழுதேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். காரணம் கேட்டார்கள், குதிரை தூங்கிவிட்டது என்றேன்.

இடுப்பு எப்படி இருக்கிறது?

கோரா


டெக்சாஸ்
ஜனவரி 8

கோரா,

அறுவை முடிந்தது. நடக்கிறேன். இனிமேல் குதிரையோ கழுதையோ எதன்மேலும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருத்தமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. இங்கே மருமகன் என்னைத் தினமும் கடைத்தெருவில் நடக்கவைக்கிறான்.

உன் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தம்மா யாருப்பா?" என்றாள். முகாமிலிருந்து நான் துரத்திவிட்ட ஆள் என்றேன்.

இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது.

டெல்மர்


பெல்ட்டன் ரோடு
மார்ச் 19

டெல்மர்,

பார்னி செவ்வாய்க்கிழமை போய்விட்டான்.

குளிர் காலத்தைத் தாண்டிவிட்டான். டாக்டர் சொன்னது தப்பு என்று அவரிடமே சொல்லிக் காட்டலாம் என்றிருந்தேன். அன்றைக்கு நல்ல வெயில். கொட்டகைச் சுவரோரம் பனி உருகிக் காய்ந்த இடத்தில் படுத்திருந்தான். பஸ்ஸை ஓட்டிவிட்டு மத்தியானம் திரும்பி வந்தபோதும் படுத்திருந்தான். மேபல் அவன் தலைக்கு மேல் நின்றாள். கிட்டே போனால் காதை மடக்கிப் பல்லைக் காட்டினாள். நான் இதுவரை அவளிடம் பார்க்காத கோபம். நான் உட்கார்ந்து பேசிப் பேசிய பிறகுதான் என்னைக் கிட்டே விட்டாள். உடம்பு வெயிலில் சூடாக இருந்தது, அதனால் கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறான். டாக்டர் வந்து ஊசி போட்டு முடித்துவைக்கத் தேவைப்படவில்லை. நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஊசிக்குத்தான்.

பக்கத்துப் பண்ணைக்காரர் இயந்திரம் கொண்டுவந்து குழி வெட்டிக் கொடுத்தார். மேபல் வேலியோரம் நின்று கடைசி மண் விழும் வரை பார்த்தாள்.

ஒரு குளிர்காலம் முழுக்க அவன் தூங்கினான், டெல்மர். அது உங்கள் கழுதையால். நன்றி என்று சொன்னால் போதுமா என்று தெரியவில்லை. வேறு வார்த்தை கைவசம் இல்லை.

நீங்கள் திரும்பி வந்ததும் சொல்லுங்கள், மேபலைக் கொண்டுவந்து விடுகிறேன். ஜூனில் என் தடை முடிகிறது. முடிந்ததும் பழைய இடம் எனக்கு வேண்டும். ஆள் ஒன்று. குதிரை இல்லை. சும்மா மற்றக் குதிரைகளுக்கு நடுவில் இருந்துவிட்டு வருகிறேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

கோரா


சுகர் ரிட்ஜ்
ஏப்ரல் 14

கோரா,

நேற்று வந்து முகாமைத் திறந்தேன். பார்னியைப் பற்றி என்ன எழுதுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அவனை எனக்குப் பிடிக்கும்.

நீ கேட்ட இடத்தைக் கொடுக்க முடியாது. குதிரை முகாமில் குதிரை இல்லாதவர்கள் தங்கக்கூடாது என்பது விதி. ஸ்ட்ரூப் இன்னும் வருகிறார். உனக்காக ஒன்றை மாற்றினேன் என்று ஆகக்கூடாது. நீயே சண்டை போட்டுக் காப்பாற்றிய விதி.

கழுதை இருந்தால் குதிரை இருப்பதாகவே கணக்கு. மேபலை என்னால் இனி ஓட்ட முடியாது. உன் பெயருக்கு மாற்றிவிட்டேன். அவளுக்குத் தொற்றுநோய் இல்லை என்று போன அக்டோபரில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சான்றையும் உன் பெயருக்கே மாற்றி வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். வாசலில் அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவேன்.

வேண்டாம் என்றால் எழுது. கட்டாயம் இல்லை.

டெல்மர்


பெல்ட்டன் ரோடு
மே 2

டெல்மர்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பார்னி இருந்த இடத்தில் இன்னொன்றை வைக்கப் பார்க்கிறீர்கள் என்று. அப்புறம் கொல்லைக்குப் போய் அவளைப் பார்த்தேன். மார்ச்சிலிருந்து அவள் இடது பக்கத்திலும் மண் இல்லை, வலது பக்கத்திலும் மண் இல்லை. இப்போது நின்றுகொண்டே தூங்குகிறவள் அவள்தான்.

அதனால் வருகிறோம். தடை முடிந்த மறுநாள் காலையில் வாசலில் இருப்போம். அவளை ஓரத்தில் கட்டாதீர்கள், நடுவில் கட்டுங்கள், இரண்டு பக்கமும் குதிரை நிற்கிற மாதிரி. முடிச்சை நானே போடுகிறேன். உங்கள் முடிச்சின் லட்சணம் தெரியும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவள்மேல் நான் ஏற மாட்டேன். இந்த வருஷம் மனசு வரவில்லை. மற்றவர்கள் சவாரி போகும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கூடவே நடக்கப்போகிறேன், ஓடை வரைக்கும், முடிந்தால் அதற்கு அப்பாலும். குதிரைப் பாதையில் நடக்கக்கூடாது என்று விதி ஏதாவது இருந்தால் இப்போதே எழுதிவிடுங்கள். வாசலில் வந்து சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

கோரா